ஒரே பெயரில் மூன்று ஊர்கள்

பிரான்சு நாட்டின் கிழக்கு எல்லையில் ஸ்ட்ராஸ்பர்க் என்னும் பெரிய நகரம் இருக்கிறது. உக்ரேன் நாட்டின் ஒடெஸா வட்டாரத்தில் முன்பு அதே பெயரில் ஒரு சிற்றூர் இருந்தது. அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே, இன்றும் ஸ்ட்ராஸ்பர்க் என்றே ஒரு சிறிய ஊர் உள்ளது. மூன்று நாடுகளில் மூன்று ஊர்கள் ஒரே பெயரைத் தாங்கியது தற்செயலாக நடந்ததன்று. இடம்பெயர்ந்து சென்ற ஜெர்மானியக் குடும்பங்கள் தங்கள் பழைய ஊரின் பெயரையும் உடன் எடுத்துச் சென்றன.

அவ்வாறு சென்ற குடும்பங்களுள் வெல்க் குடும்பமும் ஒன்று. அக்குடும்பத்தின் தலைவர் லுட்விக் வெல்க். அவருடைய மனைவி கிறிஸ்டினா. இவர்களுடைய மகன் லாரன்ஸ் வெல்க் பின்னாளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற இசைக்குழுத் தலைவராக விளங்கினார். மகனைப் பற்றிய நூல்களும் கட்டுரைகளும் ஏராளமாக உள்ளன. தாயைப் பற்றிய எழுத்துச் சான்றுகளோ மிகச் சில. ஆயினும், ஒரு குடும்பம் இரண்டு நூற்றாண்டுகளில் எவற்றைக் காத்தது, எவற்றை இழந்தது என்பதை அறிய வேண்டுமானால் அந்தத் தாயின் வாழ்க்கையைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் பயணம்

இந்த வரலாறு கிறிஸ்டினா பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே தொடங்குகிறது. 1763ஆம் ஆண்டு ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் ஓர் அறிக்கை வெளியிட்டார். ரஷ்யாவில் குடியேறிப் பயிர்செய்ய விரும்பும் அயல்நாட்டவருக்குப் பல சலுகைகள் உண்டு என அது அறிவித்தது. சமயச் சுதந்திரம், வரிவிலக்கு, கட்டாய இராணுவப் பணியிலிருந்து விலக்கு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கேத்தரின் ஜெர்மானிய அரச குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அழைப்பை ஏற்று ஜெர்மானியர்கள் ஆயிரக்கணக்கில் வோல்கா ஆற்றங்கரையில் குடியேறினர்.

1804ஆம் ஆண்டு பேரரசர் முதலாம் அலெக்சாண்டர் கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளில் குடியேறுமாறு மீண்டும் அழைப்பு விடுத்தார். அப்போது மேற்கு ஐரோப்பாவில் நெப்போலியனின் போர்கள் நடந்துகொண்டிருந்தன. படைக்கு ஆள் பிடித்தல், வரிச்சுமை, நிலப் பற்றாக்குறை ஆகியவற்றால் உழவர்கள் அல்லலுற்றனர். அல்சாஸ், பாடன் முதலிய பகுதிகளிலிருந்து பல குடும்பங்கள் கிழக்கு நோக்கிப் புறப்பட்டன. 1808ஆம் ஆண்டு ஒடெஸா வட்டாரத்தில் அவர்கள் அமைத்த ஊர்களுக்கு ஸ்ட்ராஸ்பர்க், செல்ஸ், கண்டல், மன்ஹைம் எனத் தாங்கள் விட்டு வந்த இடங்களின் பெயர்களையே சூட்டினர்.

அங்குக் காடு இல்லை, மரம் அரிது. ஆகவே, களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து, அச்சில் வார்த்து, வெயிலில் காயவைத்துச் செங்கல் செய்தனர். சூளையில் சுடாத அந்தக் கற்களைக் கொண்டே வீடுகளை எழுப்பினர். வீடுகள் தெருவின் இருபுறமும் வரிசையாக அமைந்தன. ஊரில் தேவாலயமும் பள்ளியும் இருந்தன. பள்ளியில் ஜெர்மன் மொழியில் பாடம் நடந்தது; தேவாலயத்தில் ஜெர்மன் மொழியில் பாடல் ஒலித்தது. ரஷ்யாவில் மூன்று தலைமுறைகள் வாழ்ந்தபோதும் அவர்களின் வீட்டுமொழி மாறவில்லை.

இரண்டாம் பயணம்

1871ஆம் ஆண்டு நிலைமை மாறியது. குடியேறியவர்களுக்கு வழங்கப்பட்ட தனிச் சலுகைகளை ரஷ்ய அரசு நீக்கியது. 1874ஆம் ஆண்டு கட்டாய இராணுவப் பணி அவர்களுக்கும் விதிக்கப்பட்டது. பிள்ளைகள் பெருகப் பெருக நிலமும் போதாமற்போனது. எந்தக் காரணங்களால் முன்னோர் ஐரோப்பாவின் மேற்கிலிருந்து வெளியேறினார்களோ, ஏறத்தாழ அதே காரணங்கள் பேரப்பிள்ளைகளையும் துரத்தின.

அந்நேரத்தில் அமெரிக்காவிலிருந்து நம்பிக்கையூட்டும் செய்தி வந்தது. 1862ஆம் ஆண்டு அதிபர் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், 160 ஏக்கர் நிலத்தைச் சிறிய பதிவுக் கட்டணத்தில் பெற வழிசெய்தது. நிலத்தைப் பெறுபவர் அதிலேயே வீடு கட்டி, ஐந்தாண்டுகள் குடியிருந்து, பயிர்செய்ய வேண்டும். மணமாகாத பெண்களும் கைம்பெண்களும்கூட இச்சட்டத்தின்கீழ் தம் பெயரில் நிலம் கோரலாம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று எண்ணுகிற உழவருக்கு 160 ஏக்கர் என்பது கனவிலும் காணாத செல்வம்.

1874ஆம் ஆண்டு முதல் யாங்க்டன் நகரிலிருந்து வெளிவந்த 'டகோட்டா ஃபிரையே பிரெஸ்ஸே' என்னும் ஜெர்மன் மொழி இதழ், பிரிந்து வாழ்ந்த இந்த மக்களிடையே பாலமாக அமைந்தது. புதிய ஊர்களிலிருந்தும் பழைய ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்கள் அதில் அச்சாயின. உறவினர் எங்கே குடியேறினர், யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் மறைந்தார் என்ற செய்திகளைக் குடும்பங்கள் அதன்வழி அறிந்தன.

1890களின் தொடக்கத்தில் லுட்விக்கும் கிறிஸ்டினாவும் கடல் கடந்து வட டகோட்டாவை அடைந்தனர். அவர்கள் கண்ட நிலம் மனிதர் வாழாத வெற்றுநிலமாக எப்போதும் இருந்ததன்று. அது லக்கோட்டா, டகோட்டா முதலிய பூர்வகுடி மக்கள் காலங்காலமாக வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்த மண். அரசு அம்மக்களை ஒதுக்கப்பட்ட எல்லைகளுக்குள் அடக்கிய பின்னரே அந்நிலம் மற்றவர்களுக்குப் பங்கிடப்பட்டது. வெல்க் குடும்பம் குடியேறிய எம்மன்ஸ் வட்டாரத்திற்கு மேற்கே மிசௌரி ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றின் மறுகரையில்தான் ஸ்டாண்டிங் ராக் பூர்வகுடியினர் நிலப்பகுதி உள்ளது. ஒரு குடும்பம் நிலம் பெற்ற கதைக்குப் பின்னால், வேறு பல குடும்பங்கள் நிலம் இழந்த கதையும் இருக்கிறது.

புல்வெளியில் ஒரு மண்வீடு

வட டகோட்டாவின் குளிர்காலம் கடுமையானது. வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 30 பாகை செல்சியசுக்கும் இறங்குவதுண்டு. 1888ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் திடீரென வீசிய பனிப்புயலில், பள்ளியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள் உட்பட 200க்கும் மேற்பட்டோர் அப்புல்வெளி மாநிலங்களில் உயிரிழந்தனர். பனிப்புயலின்போது மாட்டுத் தொழுவத்திற்குச் சென்றவர் வழிதவறாமல் திரும்பி வர, வீட்டுக்கும் தொழுவத்திற்கும் இடையே கயிறு கட்டிவைக்கும் வழக்கம் பல பண்ணைகளில் இருந்தது.

இத்தகைய நிலத்தில் வெல்க் குடும்பத்தினர் தங்கள் முதல் குளிர்காலத்தைக் கவிழ்த்து வைத்த வண்டியின்கீழ் கழித்தார்கள் என்று குடும்ப வரலாறு கூறுகிறது. வண்டியின்மேல் புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி, அதையே கூரையாக்கிக்கொண்டனர்.

பின்னர் அவர்கள் கட்டிய வீட்டின் சுவர்கள் களிமண்ணும் வைக்கோலும் கலந்த கற்களால் ஆனவை. ரஷ்யப் புல்வெளியில் முன்னோர் கற்ற கைத்தொழில் அமெரிக்கப் புல்வெளியில் மீண்டும் கைகொடுத்தது. அந்த மண்சுவர் தடித்தது. கோடையில் வெப்பத்தையும் குளிர்காலத்தில் குளிரையும் அது எளிதில் உள்ளே விடாது. பிற்காலத்தில் வெளிப்புறம் மரப்பலகையால் மூடப்பட்டதால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது மற்ற அமெரிக்க வீடுகளைப் போலவே தோன்றியது. பலகைக்குள்ளே இருந்ததோ கருங்கடல் கரையின் வீடு. அந்த வீட்டில் கிறிஸ்டினாவும் லுட்விக்கும் எட்டுப் பிள்ளைகளை வளர்த்தனர்.

தாளில் இல்லாத உழைப்பு

அக்காலக் குடியேறிகளுள் ஓர் ஆணின் வாழ்க்கையைத் தேட விரும்புபவருக்குப் பல ஆவணங்கள் கிடைக்கும். நிலம் கோரியவர் ஐந்தாண்டுகளுக்குப் பிறகு சாட்சிகளுடன் அலுவலகம் சென்று, எத்தனை ஏக்கர் உழுதார், என்ன வீடு கட்டினார் என்று வாக்குமூலம் அளிக்க வேண்டும். அத்தாள்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் மணமான பெண்ணைத் தேடுவது கடினம். நிலப்பத்திரம் பெரும்பாலும் கணவர் பெயரில் இருந்தது. கணவர் குடியுரிமை பெற்றால் மனைவியும் அதன்வழிக் குடிமகளானார். 1922ஆம் ஆண்டுச் சட்டமே இந்நிலையை மாற்றியது. திருமணத்திற்குப் பின் பெண்ணின் குடும்பப்பெயரும் மாறியது. ஸ்வான் குடும்பத்தில் பிறந்த கிறிஸ்டினா, தாள்களில் கிறிஸ்டினா வெல்க் ஆனார்.

1910ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அயல்நாட்டில் பிறந்தோரின் தாய்மொழியும் கேட்டு எழுதப்பட்டது. கிறிஸ்டினாவைப் போன்ற ஒரு பெண் பிறந்த நாட்டால் ரஷ்யர், பேசும் மொழியால் ஜெர்மானியர், வாழும் இடத்தால் அமெரிக்கர். ஒரே வரியில் மூன்று அடையாளங்கள் இடம்பெற்றன. அவர் நாள்தோறும் செய்த வேலைகளைப் பற்றி அந்த வரியில் ஒன்றுமில்லை.

அந்த வேலைகள் விடியற்காலையில் தொடங்கின. மரமில்லாத புல்வெளியில் அடுப்பெரிக்க விறகு கிடைக்காது. எனவே, சாணத்தையும் வைக்கோலையும் மிதித்துக் கலந்து, துண்டுகளாக வெட்டி, வறட்டியாகக் காயவைத்துச் சேமித்தனர். பால் கறத்தல், வெண்ணெய் எடுத்தல், ரொட்டி சுடுதல், காய்கறித் தோட்டம் பேணுதல், துணி தைத்தல், நோயுற்றவரைக் கவனித்தல் என யாவும் பெண்களின் கைகளில் இருந்தன. அறுவடைக் காலத்தில் அவர்கள் வயலிலும் இறங்கினர். கோதுமை விளையாத ஆண்டுகளில், பெண்கள் விற்ற முட்டையும் பாலாடையுமே சர்க்கரை, காப்பித்தூள், துணி முதலியவற்றை வாங்க உதவின.

உழைப்பைவிடத் தனிமை பெரிய சுமையாக இருந்தது. இதற்கும் சட்டமே காரணம். ரஷ்யாவில் வீடுகள் அடுத்தடுத்து இருந்தன. வாசலில் நின்று கூப்பிட்டால் அண்டை வீட்டார் வருவர். அமெரிக்கச் சட்டமோ ஒவ்வொரு குடும்பமும் தன் சொந்த நிலத்திலேயே குடியிருக்க வேண்டும் என்றது. 160 ஏக்கர் நிலத்தின் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 800 மீட்டர் நீளம். ஆகவே, அடுத்த வீடு கண்ணுக்கு எட்டினாலும் குரலுக்கு எட்டாது. பனிக்காலத்தில் வாரக்கணக்கில் வேறொரு பெண்ணின் முகத்தைக் காணாமல் வாழ்ந்தவர்கள் பலர். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைத் தேவாலய வழிபாடும், திருமண விருந்துகளும், அக்கார்டியன் இசையும் அவர்களுக்கு இன்றியமையாதவையாக இருந்தன. லுட்விக் அக்கார்டியன் வாசிப்பவர். அந்த மண்வீட்டில்தான் லாரன்ஸ் முதன்முதலில் இசை கேட்டார்.

மொழி தயங்கியபோது

1902ஆம் ஆண்டு இரயில் பாதை வந்தபோது, அதனருகே ஸ்ட்ராஸ்பர்க் என்ற ஊர் உருவானது. ஊரில் எங்கும் ஜெர்மன் மொழியே பேசப்பட்டது. மறு ஆண்டு பிறந்த லாரன்ஸ், வீட்டிலும் வெளியிலும் அம்மொழியையே பேசி வளர்ந்தார்.

1917ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்கா ஜெர்மனியுடன் போரில் இறங்கியது. நேற்றுவரை உழவர்களாக மதிக்கப்பட்டவர்கள் இன்று ஐயத்துடன் பார்க்கப்பட்டனர். இவர்களில் பலர் ஜெர்மனியைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆயினும் அவர்கள் பேசிய மொழி எதிரியின் மொழியாயிற்று. 1918ஆம் ஆண்டு மே மாதம் அயோவா மாநில ஆளுநர் வில்லியம் ஹார்டிங், பள்ளியிலும் பொது இடத்திலும் இரயிலிலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது என அறிவித்தார். தேவாலய வழிபாட்டிற்கும் அத்தடை பொருந்தியது.

போர் முடிந்த பிறகும் அச்சம் தணியவில்லை. 1919ஆம் ஆண்டு நெப்ராஸ்கா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. எட்டாம் வகுப்பை முடிக்காத மாணவருக்கு எந்த அயல்மொழியையும் கற்பிக்கக் கூடாது என்பது அச்சட்டம். அடுத்த ஆண்டு இராபர்ட் மையர் என்னும் ஆசிரியர், பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஜெர்மன் மொழியில் வாசிக்கக் கற்பித்ததற்காக 25 டாலர் தண்டம் விதிக்கப்பட்டார். அவர் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1923ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒன்பது நீதிபதிகளுள் எழுவர் அச்சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தனர். ஆசிரியர் கற்பிக்கவும், பெற்றோர் தம் பிள்ளை கற்க வேண்டியதைத் தேர்ந்தெடுக்கவும் உரிமை உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம்.

வழக்கில் வெற்றி கிடைத்தது. ஆயினும் பல வீடுகளில் அதற்குள் பேச்சு மாறிவிட்டது. பெற்றோர் தங்களுக்குள் ஜெர்மன் மொழியில் பேசிக்கொண்டனர். பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் பேசினர். பிள்ளைகள் கேலிக்கு ஆளாகக்கூடாது, நல்ல வேலை பெறவேண்டும் என்ற அன்பே பலரை அவ்வாறு செய்யத் தூண்டியது. ரஷ்யாவில் நூறாண்டு நிலைத்த மொழி, அமெரிக்காவில் இரண்டு மூன்று தலைமுறைகளில் மங்கியது. அங்கே ஒரே தெருவில் வீடும் பள்ளியும் தேவாலயமும் சேர்ந்து அதைக் காத்தன. இங்கே வீடுகள் சிதறிக் கிடந்தன. பள்ளி ஆங்கிலத்துக்கு மாறியது. வீடு மட்டும் தனியே நின்று மொழியைக் காக்க வேண்டியதாயிற்று.

ஸ்ட்ராஸ்பர்க் போன்ற ஒதுக்குப்புற ஊர்களில் ஜெர்மன் மொழி மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்தது. லாரன்ஸ் நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டார். பதினேழு வயதில் 400 டாலர் விலையுள்ள அக்கார்டியன் ஒன்றைத் தந்தை வாங்கித் தர, அதற்கு ஈடாக 21 வயது வரை பண்ணையில் உழைப்பதாக வாக்களித்தார். வாக்கைக் காப்பாற்றி, 1924ஆம் ஆண்டு தம் 21ஆம் பிறந்தநாளில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். அப்போது அவருக்கு ஆங்கிலம் சரளமாகப் பேச வராது. பின்னர் 1955 முதல் 1982 வரை அவருடைய இசை நிகழ்ச்சி நாடு முழுவதும் ஒளிபரப்பானது. அவர் ஆங்கிலம் பேசும்போதெல்லாம் தாய் வீட்டின் ஒலிப்பு அதில் கேட்டது. இலட்சக்கணக்கான மக்கள் கேட்ட அந்த ஒலிப்பு, கிறிஸ்டினாவின் அடுக்களையில் பிறந்தது.

எஞ்சி நிற்பவை

வெல்க் குடும்பத்தின் வீடு இன்று வட டகோட்டா மாநில அரசின் வரலாற்றுச் சின்னமாகப் பேணப்படுகிறது. வீட்டுக்கு அருகே கோடைக்கால அடுக்களையும் கொல்லுப்பட்டறையும் தொழுவமும் உள்ளன. அங்குச் செல்பவர்கள் பெரும்பாலும் புகழ்பெற்ற இசைக்கலைஞரின் பிறந்த வீட்டைக் காணவே செல்கின்றனர். அவர்கள் நுழைவது ஒரு தாயின் பணியிடத்திற்குள்.

அப்பகுதியின் உணவிலும் பழைய வாழ்வு தெரிகிறது. மாவின்மேல் பாலேடும் பழமும் பரப்பிச் சுடும் 'கூக்கன்' என்னும் பலகாரம், ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானியப் பெண்கள் தங்கள் மகள்களுக்குக் கற்றுக் கொடுத்தது. 2000ஆம் ஆண்டு தெற்கு டகோட்டா மாநிலம் அதைத் தன் மாநில இனிப்பாக அறிவித்தது. அளவுகளைத் தாளில் எழுதாமல் கைப்பழக்கத்தால் செய்த பெண்களின் பலகாரம் சட்டப் புத்தகத்தில் இடம்பிடித்தது.

கல்லறைத் தோட்டங்களில் கொல்லர்கள் அடித்துச் செய்த இரும்புச் சிலுவைகள் வரிசையாக நிற்கின்றன. சூரியனும் இதயமும் கொடிகளும் அவற்றில் வளைந்து ஓடுகின்றன. பெயரும் பிறந்த நாளும் ஜெர்மன் மொழியில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றின்முன் வந்து நிற்கும் கொள்ளுப்பேரப்பிள்ளைகள் பலரால் பெயரை மட்டுமே படிக்க முடிகிறது. அதற்குக் கீழே உள்ள சொற்களின் பொருள் தெரிவதில்லை.

இழந்ததை உணர்ந்தவர்கள் எஞ்சியதைத் தேடத் தொடங்கினர். 1971ஆம் ஆண்டு வட டகோட்டாவில், ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானியரின் மரபைக் காக்க ஒரு கழகம் உருவானது. ஃபார்கோ நகரிலுள்ள வட டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நூலகம், அம்மக்களின் கடிதங்களையும் புகைப்படங்களையும் சமையல் குறிப்புகளையும் திரட்டியது. முதியவர்களை நேரில் கண்டு அவர்களின் குழந்தைப் பருவ நினைவுகளைப் பதிவு செய்தது. தாய் எப்படி ரொட்டி சுட்டார், எந்தப் பாட்டைப் பாடினார், எந்த மொழியில் கடிந்துகொண்டார் என்ற கேள்விகளுக்கு எந்த அரசாங்கத் தாளிலும் விடை இல்லை. விடை தெரிந்தவர்கள் உயிரோடிருந்த காலத்தில் கேட்டதால்தான் அவை கிடைத்தன.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. ஜெர்மானியக் குடும்பங்கள் மேற்கு ஐரோப்பாவிலிருந்தும் பின்னர் ரஷ்யாவிலிருந்தும் வெளியேறியதற்கான காரணங்களை ஒப்பிடுக.

2. ரஷ்யாவில் நிலைத்த வீட்டுமொழி அமெரிக்காவில் மங்கியது ஏன்? கட்டுரையிலிருந்து இரண்டு காரணங்களை எடுத்துக்காட்டி விளக்குக.

3. "பிள்ளைகளின் நலன் கருதியே பெற்றோர் ஆங்கிலத்தில் பேசினர்." அவர்கள் எடுத்த முடிவு சரியா? உன் கருத்தைக் காரணத்துடன் கூறுக.

4. உன் குடும்பத்தில் மூத்த பெண் ஒருவரிடம், எந்தத் தாளிலும் எழுதப்படாத செய்தி ஒன்றைக் கேட்டறிந்து வகுப்பில் பகிர்ந்துகொள்க.